முகட்டில் முப்பதடி

அம்மா கிரேனிலிருந்து கடைசியாக இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வருடம் அந்த வேலையில் இருந்தவள்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிவீட்டம்மா என்பார்கள். எழுபது மீட்டர் உயரத்தில், காலை நீட்டக்கூட இடமில்லாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவாள். மாடிவீட்டம்மா இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்று வயர்லெஸ்ஸில் விசாரித்துவிட்டுத்தான் கீழே சிக்னல்காரர் வேலையையே தொடங்குவார்.

அன்று இரண்டு டன் கம்பிக் கட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கட்டைவிரல் லீவரைத் தள்ளவில்லை. தள்ளு என்று மனம் சொன்னது. விரல் காது கேட்காதது போல் சும்மா இருந்தது. கம்பிக் கட்டு ஒரு வெல்டரின் தலைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி ஆடி நின்றது. வெல்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா இடது கையை நீட்டி லீவரைப் பிடித்து, கட்டை மெல்ல இறக்கி வைத்தாள். பிறகு கேபினைப் பூட்டி, ஏணி வழியாக எழுபது மீட்டரும் இறங்கி வந்து, சாவியை மேற்பார்வையாளர் மேசையில் வைத்தாள். இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றாள். அவர் சம்பளப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் மருத்துவமனைக்கு அலைந்த பிறகு நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. வாயில் நுழையாத பெயர். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், அதோடு சேர்ந்து தசையும் கரையும் என்று மருத்துவர் விளக்கினார். சிலருக்குக் காலில் தொடங்கும், அம்மாவுக்குக் கையில் தொடங்கியிருக்கிறது. பிறகு கால், தொண்டை, கடைசியில் மூச்சு. இரண்டு வருடம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கால் எப்போ போகும் டாக்டர்?”

பயத்தில் கேட்கிறாள் என்று நினைத்து மருத்துவர் அவளைத் தேற்றப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மகனுக்குத்தான் தெரியும், அவள் நாள் எண்ணுகிறாள் என்று.

மகனுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. அவனுக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா வேறு ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டே பேர்தான். சின்ன வயதில் பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டு, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கீழே தரை சரியாக இருக்கிறதா என்று வெகுநேரம் ஆராய்ந்துவிட்டுப் படி வழியாகவே இறங்கி வருவான். பின்னால் நிற்கும் பிள்ளைகள் கத்துவார்கள். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, “பெரியவரே, பார்த்து வாங்க” என்பாள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு நேர் எதிர்க் குணம். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்து, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு மலையில் இருப்பாள். ஒருமுறை மலையடிவார ஊர் ஒன்றில் இரண்டு வருடம் வேலை. கேபினிலிருந்து நேர் எதிரே ஒரு முகடு தெரிந்ததாம். ரம்பத்தின் பற்களைப் போல ஐந்து உச்சிகள் வரிசையாக. மலையேறுபவர்கள் அவற்றை முதல் பல், இரண்டாம் பல் என்று எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். இரண்டு வருடமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு வேலை குறுக்கே வந்துவிடும்.

இப்போது குழுவில் போய்க் கேட்டாள். கையைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. அவர்கள் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், கூட்டிப்போக மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா மகனைப் பார்த்தாள்.

“கால் என்னோடது. கை மட்டும் நீ கொடு. முடிச்சு போடறது, கொக்கி மாட்டறது, அவ்வளவுதான். வருவியா?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றான். வேறு என்ன சொல்ல முடியும் என்று தோன்றியது அப்போது.

ஐந்து மாதம் பழகினார்கள். எட்டு மாடிக் குடியிருப்பின் படிகளில், பையில் தண்ணீர் கேன்களை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் தினமும் பத்துத் தடவை. மூன்றாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, லிஃப்ட் வேலை செய்கிறதே என்று ஒவ்வொரு நாளும் அக்கறையோடு சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் பழகும் செயற்கைச் சுவருக்குப் போனார்கள். கண்ணாடிச் சட்டத்தில் கடுகளவு திருகாணியை முடுக்கும் விரல்கள் அல்லவா. முடிச்சு, கொக்கி, வார் எல்லாம் அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டன. அந்த முகட்டைப் பற்றிய கையேட்டை வாங்கி மேசையில் வைத்து இருபது தடவை படித்தான். முதல் இரண்டு பற்களும் செங்குத்து, ஆனால் பிடிமானம் நிறைய. கடினமானது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் ஒரு முப்பதடிதான். அங்கே முகடு கத்தி மாதிரி மெலிந்துவிடும், இரண்டு பக்கமும் பாதாளம். அதைத் தாண்டிவிட்டால் மிச்சம் வெறும் நடை. நான்காம் பல்லும் ஐந்தாம் பல்லும் புல்வெளிச் சரிவு, அதற்கப்புறம் படிக்கட்டுப் பாதையில் இறங்கிவிடலாம். அந்த முப்பதடி என்ற வரியை மட்டும் அவன் பென்சிலால் அடிக்கோடிட்டான், பிறகு அழித்தான்.

இதற்குள் அம்மாவின் வலது உள்ளங்கையில் கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றிப் பள்ளம் விழுந்துவிட்டது. சட்டைப் பொத்தானை அவன் போட்டுவிட்டான். இடது கையிலும் ஆரம்பித்துவிட்டதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் பால் டம்ளர் விழுந்து உடைந்தபோது தெரிந்தது.

முகட்டுக்குக் கீழே கல்லால் கட்டிய ஒரு தங்குமிடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர், பேச ஆளில்லாமல் காய்ந்துபோய் இருந்தவர். அம்மா கிரேன் ஓட்டியவள் என்று தெரிந்ததும் சுமை, பிரேக், காற்று என்று அரைமணி நேரம் இருவரும் விட்டதைப் பிடித்தது போலப் பேசினார்கள். அம்மா கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் வானம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும் என்று அவர் உறுதி சொன்னார்.

அப்படியேதான் விடிந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆறு மணிக்கு முதல் பல்லின் அடியில் அவன் மண்டியிட்டு அம்மாவின் பூட்ஸ் கயிற்றைக் கட்டினான், இடுப்புவாரை இறுக்கினான், தலைக்கவசத்தின் பட்டையை மாட்டினான். பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா.

முதல் பல்லில் எல்லாம் நன்றாகப் போனது. அம்மா பாறையைக் கையால் பிடிக்கவில்லை. முழங்கையை இடுக்கில் செருகி, கால்களால் எழும்பினாள். கொக்கி மாட்டும் இடம் வரும்போது நின்று தலையை ஆட்டுவாள், அவன் மாட்டுவான். இரண்டாம் பல்லின் உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். புட்டியை அவன்தான் அவள் வாயருகே பிடித்தான். கீழே ஊர் தெரிந்தது. அவள் கட்டிய கட்டடம் எது என்று தாடையால் காட்டினாள். முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவனும் சிரித்தான். மூன்றாம் பல் இருந்த பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

பிறகு அந்த முப்பதடி வந்தது.

படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தது. ஒரு அடி அகலம் இருந்தால் அதிகம். இடது பக்கம் நிழல், வலது பக்கம் வெயில், இரண்டுக்கும் அடி தெரியவில்லை. யாரோ எப்போதோ பாறையில் மூன்று இரும்பு வளையங்களை அறைந்திருந்தார்கள். குதிரை மேல் உட்கார்வது மாதிரி இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து போக வேண்டும்.

அனுபவம் உள்ளவள் என்பதால் அம்மா முன்னால் போனாள். இந்தப் பக்கம் ஒரு பாறையில் தன்னைக் கட்டிக்கொண்டு, அவன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒவ்வொரு வளையத்திலும் அவள் நின்று, இரண்டு கையாலும் கொக்கியை அழுத்தி, பல்லையும் வைத்துத் தள்ளி மாட்டினாள். கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கோடியில் மூன்றாம் பல்லின் அகலமான பாறை மேல் ஏறி, அங்கிருந்த கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, எழுந்து நின்றாள். திரும்பி, கிரேன் சிக்னல்காரர்கள் செய்வது போல ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வட்டம் போட்டாள். தூக்கு, வரட்டும் என்று அர்த்தம்.

அவன் பாறையில் ஏறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டான். கால் காற்றில் தொங்கியது. இரண்டடி நகர்ந்தான். பிறகு நகர முடியவில்லை. கை கால் எல்லாம் உறைந்துவிட்டன, காதுக்குள் இரைச்சல். எப்படித் திரும்பி வந்தான் என்று அவனுக்கே தெரியாது; மறுபடியும் பின்னால் இருந்த பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா காத்திருந்தாள். மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பாள்.

அவன் தலையைத் தூக்கிக் கத்தினான்.

“அம்மா, உன் கை தாங்காதும்மா. அடுத்ததுல ஏறணும். உன்னால முடியாது. திரும்பிடலாம்.”

அடுத்ததில் ஏற வேண்டியது எதுவும் இல்லை. கையேட்டை இருபது தடவை படித்தவன் அவன். அம்மா நின்ற இடத்திலிருந்தே அந்தப் புல்வெளி தெரிந்திருக்கும். அவள் திரும்பி அதைப் பார்க்கவும் செய்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். தலைக்கவசத்தின் நிழலில் அவள் முகம் தெளிவாகத் தெரியவில்லை.

“சரிடா, வரேன்” என்றாள். “கயிறை இறுக்கிப் பிடி.”

வரும்போது கை நிஜமாகவே விட்டுவிட்டது. முதல் வளையத்தில் கொக்கியைத் திறக்க ஐந்து நிமிடம் போராடினாள். நடு வளையத்துக்குச் சற்று முன்னால் வலது கையை ஊன்றினாள், மணிக்கட்டு மடங்கியது, அவள் நிழல் பக்கம் சரிந்து மறைந்தாள். சத்தம் ஒன்றும் போடவில்லை. கயிறு அவன் இடுப்பை வெட்டியது. வளையத்தில் மாட்டியிருந்ததால் இரண்டு ஆள் ஆழத்தில் தொங்கினாள். தோள் பாறையில் மோதியிருந்தது.

ஏறுவதற்குப் பிடி வேண்டும். அவளுக்குப் பிடி இல்லை. அவன் அந்த முகட்டில் பதினைந்தடி போயிருந்தால் நேர் மேலிருந்து தூக்கி, எட்டியதும் கையைக் கொடுத்து ஏற்றியிருக்கலாம். போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்தான். ஒரு சாண் இழுப்பான், முடிச்சுப் போட்டு நிறுத்துவான், மறுபடி ஒரு சாண். கீழேயிருந்து அம்மா நிதானமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள், வயர்லெஸ்ஸில் பேசுவது போல: மெதுவா. நிறுத்து. இப்போ எடு. முக்கால் மணி நேரம். முழங்கையும் முழங்காலும் தேய்ந்து ரத்தத்தோடு அவள் மேலே வந்து காலைப் போட்டு உட்கார்ந்தபோது, அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் மிச்சத் தூரத்தை நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் சாய்ந்தாள்.

“நல்லா இழுத்தடா” என்றாள்.

இறங்கித் தங்குமிடத்துக்கு வரும்போது மூன்று மணி. லாரிக்காரர் காயங்களைக் கழுவிக் கட்டுப் போட்டார், சூடாக சூப் கொண்டுவந்து வைத்தார். எதுவரை போனீர்கள் என்று கேட்டார். அவன் வாயைத் திறக்குமுன் அம்மா பதில் சொன்னாள்.

“மழை வர்ற மாதிரி இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

லாரிக்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெயில் கண்ணைக் கூச வைத்தது. அவனை ஒருதடவை பார்த்தார். மலையில் எதையும் சொல்ல முடியாது என்று முனகிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். மகன் அம்மாவுக்குக் கரண்டியால் சூப்பை ஊட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்தாள்.

அடிபட்ட தோள் குணமாகவில்லை. தோள் ஆறுவதற்குள் நோய் அந்தக் கையை முழுசாக எடுத்துக்கொண்டது. அடுத்த நான்கு மாதத்தில் கால் இழுத்தது, பிறகு சக்கர நாற்காலி. முகட்டைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்திருக்காவிட்டால் இன்னும் சில மாதம் அந்தக் கை இருந்திருக்குமோ என்று அவன் மருத்துவரிடம் தனியாகக் கேட்டான். அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாது என்றார். அவன் போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த வருடம் அதே மாதத்தில் அவன் தனியாகப் புறப்பட்டான். அம்மாவைப் பகலில் கவனித்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்த அக்காவை இரண்டு நாள் கூடத் தங்கச் சொன்னான். அந்தப் பக்கம் போய், புல்வெளியிலிருந்து கடைசிப் பல் வரை கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அவளுக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. கண் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். ஒரு வழிகாட்டியைக்கூடக் கூட்டிக்கொண்டான். நல்ல வெயில், காற்றில்லை. வழிகாட்டி பேசிக்கொண்டே கடந்து போய், அந்தக் கோடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி காத்திருந்தார். அவன் காலைப் போட்டான். இரண்டடி. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அரைமணி நேரம் அங்கேயே பாறையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டான். இந்தத் தடவை சாக்குச் சொல்ல யாருடைய கையும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கே போனான் என்று அவளுக்குத் தெரியாது. கடை வேலையாக வெளியூர் என்றுதான் சொல்லியிருந்தான். பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“அம்மா, அன்னிக்கு உன் கையால இல்லம்மா. எனக்குப் பயமா இருந்துச்சு. என்னால அதுல வர முடியல. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உன் கை மேல பழியைப் போட்டேன். நீ அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்ட. நான்தான் உன்னைத் திரும்பி வர வெச்சேன்.”

அம்மா அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குரல் உடைந்து உடைந்து வந்தது. கவலையில்ல என்று அவன் காதில் விழுந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது போல இருந்தது. அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“என்னம்மா? இன்னொரு தடவை சொல்லு.”

அவள் மறுபடி முயன்றாள். முகம் சிவந்தது. அவனுக்குப் புரியவில்லை. சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே அக்கா எட்டிப் பார்த்தார்.

“தலையணை. தலையணை சரிஞ்சு போச்சாம். அதைத்தான் சொல்றாங்க.”

அவன் எழுந்து, ஒரு கையால் அம்மாவின் கழுத்தைத் தாங்கி, தலையணையை மேலே தள்ளி வைத்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் சொன்னது அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் பேசாமல் இருந்தாளா, மலையிலேயே எல்லாம் தெரிந்துதான் முப்பதடி திரும்பி வந்தாளா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அக்கா விளக்கைப் போட்டார். அவன் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான்.

அதற்கு மேல் அம்மா நான்கு மாதம் இருந்தாள். அடுத்த வாரமே பேச்சு முழுவதும் நின்றுவிட்டது.